கல்லானாலும் சர்க்கரைதான்!

இறுகிப்போன நாட்டுச்சர்க்கரையை இளக்க ஒரு அகல் விளக்கு போதும்

"என்ன அண்ணாச்சி, சர்க்கரை கேட்டா கருங்கல்லைக் கட்டிக் கொடுத்திருக்கீங்க? உலக்கையால இடிச்சாலும் உடைய மாட்டேங்குது!"

"நான் கொடுக்கும்போது பொலபொலன்னுதானேம்மா இருந்துச்சு?"

சென்னையில் மளிகைக் கடை வாசலில் அடிக்கடி கேட்கிற தகராறு இது. வாங்கியவருக்குக் கலப்படமோ என்று சந்தேகம். கடைக்காரருக்கு வாடிக்கை போய்விடுமோ என்று பயம். நடுவில், காசு கொடுத்து வாங்கிய நாட்டுச்சர்க்கரை குப்பைக்குப் போகிறது.

குற்றவாளி யார்? பெரும்பாலும் இருவருமே அல்ல. டப்பாவின் மூடிதான்!

ஏன் கல்லாகிறது?

கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, பதம் வந்ததும் உருட்டினாலோ அச்சில் வார்த்தாலோ வெல்லம். ஆறும்போதே கட்டையால் தேய்த்துப் பொடியாக்கினால் நாட்டுச்சர்க்கரை. ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி இதற்குப் பெயர் போன ஊர். பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்து சர்க்கரை போகிறது.

வெள்ளைச் சீனியில் கரும்புப் பாகைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். நாட்டுச்சர்க்கரையில் அது அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு மணியைச் சுற்றியும் மெல்லிய பாகு. அதில் ஈரம் இருக்கும்வரை சர்க்கரை உதிரியாக இருக்கும். மூடி சரியில்லாவிட்டால் மழை நாளில் ஈரத்தைக் குடிக்கும். வெயில் வந்ததும் காயும். காய்ந்த பாகு பசை மாதிரி மணிகளை ஒட்டிவிடும். பிரிட்ஜில் சரியாக மூடாமல் வைத்தாலும் இதே கதிதான். ஆகவே, இறுகிவிட்டது என்பதற்காகவே கலப்படம் என்று சொல்லிவிட முடியாது.

என்ன செய்யலாம்?

எண்ணெய் படாத, வர்ணம் பூசாத புது அகல் விளக்கு ஒன்றை நன்றாகக் கழுவி, கால் மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடவும். எடுத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்து, சர்க்கரை மேல் வைத்து இறுக மூடவும். மண் குடித்த ஈரம் மெல்ல மெல்லச் சர்க்கரைக்கு இறங்கும். மறுநாள் கட்டி இளக ஆரம்பிக்கும். பெரிய கட்டி என்றால் இன்னும் ஒரு நாள் பிடிக்கும். இளகியதும் அகலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கசிந்து, பூஞ்சை பிடிக்கும்.

அகல் இல்லையா? ஒரு துண்டு ரொட்டி போதும். ஆனால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதுவே பூஞ்சை பிடித்துவிடும், மறுநாளே எடுத்துவிடணும்.

அவசரப்பட்டுத் தண்ணீர் தெளிப்பது மட்டும் கூடவே கூடாது! பாயசம், பணியாரம் என்றால் இந்த வேலையே வேண்டாம். கட்டியை அப்படியே வெந்நீரில் கரைத்து வடிகட்டினால் முடிந்தது. புளித்த வாடையோ பூஞ்சையோ இருந்தால்தான் தூக்கி எறிய வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள். வாயைத் திறந்தே போட வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கும்படி வாங்குகிறவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம் கடை வாசலில் சண்டை வராது. வந்தாலும், "அண்ணாச்சி, ஒரு அகல் விளக்கு கொடுங்க" என்பதோடு முடிந்துவிடும்!