போடிமெட்டு ஏறும் சக்கரங்கள்

ஐப்பசி பிறந்தபின் போடிநாயக்கனூருக்கு மேற்கேயுள்ள மலைத்தொடர் பல நாட்களில் முற்பகலிலேயே மேகத்துக்குள் மறைந்துவிடுகிறது. ஆயினும், கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, முந்தலில் சமவெளியை விட்டு நீங்கி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறிப் போடிமெட்டை அடைகிற வரையில், ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், மூணாறுக்கு உல்லாசப் பிரயாணம் போகும் கார்களும், கேரளத்துக்குக் காய்கறி கொண்டுபோகும் வண்டிகளும் ஓய்வின்றி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. மழையில் ஊறிய அந்தச் சாலையை இவ்வளவு கனமான வாகனம் பற்றிக்கொண்டிருப்பது, சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கையளவு ரப்பரால் மட்டுமே.

பனிப் பிரதேசத்து மக்கள் இந்த விஷயத்தின் முக்கியத்துவத்தை வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்தார்கள். பின்லாந்தில் 1934-லேயே பனிக்காலத்துக்கென்று பிரத்தியேகமான டயர் தயாரானது. வெயிற்காலத்து டயரின் ரப்பர், உஷ்ணம் ஏழு பாகைக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்கிச் சாலையைப் பற்றும் சக்தியை இழந்துவிடுகிறது. ஆகையால் குளிரிலும் மிருதுவாக இருக்கும் ரப்பரைக் கொண்டு, மேற்பரப்பெங்கும் மெல்லிய கீறல்கள் இட்டு அந்த டயர்களைச் செய்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குளிர்காலத்தில் அவற்றை மாட்டாமல் கார் ஓட்டக்கூடாதென்ற சட்டம் 2008 முதல் அமலில் இருப்பதால், மொன்றியலில் குடியேறிய நம்மவர்களுக்கு ஆண்டுதோறும் டயர் மாற்றுவது பழகிப்போன காரியம். பனிச்சறுக்கு விளையாடக் குல்மார்க்குக்கோ சோலாங்குக்கோ செல்பவர்கள் சக்கரத்தில் இரும்புச் சங்கிலி பூட்டுவதும் உண்டு.

நம் மலைக்கு அவை வேண்டியதில்லை. மார்கழியில் மூணாறுப் பக்கத்துப் புல்வெளிகளில் உறைபனி வெண்மையாகப் படிவதுண்டெனினும், போடிமெட்டுச் சாலையில் வாகனத்துக்கு அபாயம் விளைவிப்பது பனியன்று, நீரே. டயரின் பள்ளங்கள் சக்கரத்தின் கீழ் அகப்பட்ட நீரைப் பக்கங்களுக்கு விரட்டி, ரப்பருக்கும் தாருக்கும் நேரடியான ஸ்பரிசத்தை உண்டாக்குகின்றன. தேய்ந்து மொட்டையான டயரில் நீர் போக வழியின்றி நடுவில் தங்கிவிடுவதால், பிரேக்கை மிதித்த பின்பும் வண்டி சறுக்கிச் செல்கிறது. புலியூத்துப் பக்கத்தில் மழைநாட்களில் மேலிருந்து வழியும் நீரோடு செம்மண்ணும் சருகும் சாலையில் பரவிக் கிடக்கையில், அந்தச் சறுக்கல் எந்தத் திசையில் போய் முடியும் என்பதைச் சாலையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தவர்கள் அறிவார்கள்.

கார் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாதென்பது சட்டம். அந்த மட்டத்தைக் காட்டும் சிறு ரப்பர் மேடுகள் பள்ளத்தின் அடியிலேயே வார்க்கப்பட்டிருக்கின்றன. மேற்பரப்பு தேய்ந்து அவற்றுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இம்மலை ஏறுகிறவர்கள் அந்த எல்லைவரை காத்திருத்தல் கூடாது. மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்ததுமே மாற்றிவிட வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம். அளப்பதற்குக் கருவியும் அவசியமில்லை. பள்ளத்தில் சிக்கிய பொடிக்கற்களை நெம்பி எடுத்துவிட்டு, ஒரு தீக்குச்சியை நிறுத்தி, ரப்பரின் மட்டத்தில் நகத்தால் அடையாளமிட்டு, பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் போதும். நடுவில் மட்டும் பார்ப்பது தவறு. கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்புவதால், முன் சக்கரங்களின் ஓரங்களே முதலில் தேய்கின்றன. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் பொறித்த நான்கு இலக்கங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: 3519 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் பிறந்த டயர் அது. ஓடாமலே நின்றாலும் ரப்பர் முதுமையடைந்து வெடிப்பு விடும்; அத்தகைய டயர் பள்ளம் நிறைந்திருந்தாலும் மலைக்கு ஆகாது.

காற்றைப் பற்றிய ஒரு தப்பெண்ணத்தையும் போக்க வேண்டியிருக்கிறது. மலை ஏறுவதற்குமுன் காற்றைச் சற்றே இறக்கிவிட வேண்டுமென்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதனால் டயரின் காற்றளவு சுமார் ஒன்றரைப் பவுண்டு கூடுவது மெய்தான். அதே சமயத்தில் மேலே சீதோஷ்ணம் ஆறேழு பாகை தணிந்திருப்பதால் அதில் பெரும்பகுதி குறைந்தும் விடுகிறது. ஆகவே கம்பெனி குறித்த அளவை, சக்கரம் சூடேறாத விடியற்காலையிலேயே, போடியிலேயே பிடித்துக்கொண்டு புறப்படுவதே உத்தமம். ஸ்டெப்னிக்கும் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்; பஞ்சர் கடைக்காரர் வால்வின் வாயில் சோப்பு நீரைத் தொட்டுவைத்து, குமிழி கிளம்புகிறதா என்று குனிந்து பார்க்கும் அந்த அரை நிமிஷத்தை அவசரப்படுத்த வேண்டாம். இறங்கும்போது சிறு கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அதன் சூடு ரிம்மின் வழியாக டயருக்கும் ஏறும்.

வருஷத்துக்கு ஒருமுறை மூணாறு போகும் காருக்கு இவ்வளவு கவனம் தேவையெனில், தினந்தோறும் இருட்டு பிரிவதற்குள் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஓடும் ஜீப்புகளின் நிலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களிலேயே இந்த அடைமழையும் வருகிறது. ஒவ்வொரு டயருக்கும் சுமக்கக்கூடிய பாரம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. கார் டயரின் பக்கச் சுவரில் 82 என்ற குறியிருந்தால் அது 475 கிலோவுக்கு உரியது. ஜீப்பின் டயருக்கும் இத்தகைய குறி உண்டு. அதற்கு மேல் ஆட்களை அடைக்கும்போது பக்கச் சுவர் மடிந்து மடிந்து உள்ளுக்குள் சூடேறுகிறது. வாடகையில் கட்டுப்படியாகாமல் மொட்டை டயரோடு வண்டி ஓட்டும் டிரைவரை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது. ஆள் வேண்டுமென்று ஜீப்பை அமர்த்தும் தோட்டக்காரர்கள், மழைக்காலத்துக்கு முன் நல்ல டயர் போடுவதற்கான தொகையையும் வாடகையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்; முந்தலில் வண்டியை நிறுத்தி ஆட்களை எண்ணுகிறபோதே, நான்கு சக்கரங்களின் பள்ளத்தையும் அளந்து பார்த்தனுப்ப வேண்டும்.