உங்களுக்குத் தெரியுமா? யப்பானிலும் ஓர் ஆடி அமாவாசை!

1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளத்தில் குண்டு போட்டவர்கள் யப்பானியர். இன்று அதே சீனன்குடாவிலிருந்து யப்பானின் கோடைத் திருவிழாவுக்குப் புறப்படுகிறவர், அங்கே நம்மவர் வழக்கத்தை ஒத்த ஒன்றைக் காணலாம்.

அதன் பெயர் ஓபோன். பெரும்பாலான ஊர்களில் ஓகஸ்ட் 13 முதல் 16 வரை. இறந்த முன்னோர் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள் அவை. வெள்ளரிக்காயில் நாலு குச்சி குத்தினால் குதிரை, கத்தரிக்காயில் குத்தினால் மாடு. வரும்போது குதிரையில் விரைந்து வரவேண்டும், திரும்பும்போது மாட்டில் ஆறுதலாகப் போகவேண்டுமாம். (அனுப்ப மனமில்லாத பிள்ளைகளின் கணக்கு!) 16ஆம் திகதி இரவு கியோத்தோவைச் சூழ்ந்த ஐந்து மலைகளில் தீ மூட்டி வழியனுப்புவார்கள்.

இங்கே தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் தீர்த்தமாடி, எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். யாழ்ப்பாணப் பக்கம் அன்றைய படையலில் காத்தோட்டிக்காய் இல்லாமல் முடியாது.

ஓபோன் திகதி மாறாது. நம் அமாவாசை நகரும். 2025இல் யூலை 24, 2026இல் ஓகஸ்ட் 12. ஆகவே இங்கே தீர்த்தமாடும் நாள் தவறாதபடி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டே விமானச் சீட்டு எடுங்கள். ஓபோன் வாரத்தில் யப்பானே சொந்த ஊருக்குக் கிளம்பும். ஷின்கான்சென் ரயில் இருக்கைகள் பொதுவாக ஒரு மாதத்துக்கு முன் விற்பனைக்கு வரும், அன்றைக்கே பதிந்துவிடுங்கள்.