பைக்குள் ஒரு இஸ்திரிச் சட்டை

அட்டப்பாடி இளைஞர்களுக்கு நேர்முகத் தேர்வு என்பது வெறும் கேள்வி பதில் அல்ல. பஸ் கட்டணம், இழந்த கூலி, ஷூ, இஸ்திரி எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு அது. அந்தக் கணக்கில் சட்டையின் பங்கு எவ்வளவு?

அகளியிலிருந்து இண்டர்வியூவுக்குக் கிளம்புகிறவரை உடையை வைத்துக் கண்டுபிடிக்க நினைத்தால் ஏமாற்றம்தான். விவரமானவர் பஸ்ஸில் பழைய சட்டையோடுதான் உட்கார்ந்திருப்பார். இஸ்திரி போட்ட சட்டை செய்தித்தாளில் சுற்றப்பட்டு பைக்குள் இருக்கும். காரணம், முக்காலியைத் தாண்டியதும் தொடங்கும் மலைப்பாதை. மண்ணார்க்காட்டை நோக்கி இறங்கும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் குமட்டல் வந்தால் போதும், ஒரு மாதச் சேமிப்பு பாழ். கீழே இறங்கி, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்ட பிறகுதான் அவர் 'விண்ணப்பதாரர்' ஆகிறார்.

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், சுமார் 745 சதுர கிலோமீட்டர் பரப்பில், அகளி, புதூர், ஷோளையூர் என்று மூன்று பஞ்சாயத்துகளாகக் கிடக்கிறது அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் என்ற மூன்று பழங்குடியினரோடு, கிழக்கிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் மேற்கிலிருந்து ஏறிவந்த மலையாளக் குடும்பங்களும் இங்கே வாழ்கின்றன. ஆனைகட்டி வழியாக இறங்கினால் கோயமுத்தூர். முக்காலி வழியாக இறங்கினால் மண்ணார்க்காடு. இந்த இரட்டை வாசல்தான் வேலை தேடுகிறவரின் இரட்டை வாழ்க்கையும்கூட. சட்டை எடுப்பது கோவை ஒப்பணக்காரர் வீதியில்; அதைப் போட்டுக்கொண்டு போய் அதிகாரிகள் முன்னால் உட்காருவது பாலக்காட்டிலோ, 350 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள திருவனந்தபுரத்திலோ.

கூலியே அளவுகோல்

இங்கே எந்தச் செலவையும் ரூபாயில் சொல்வதைவிட நாள் கூலியில் சொன்னால்தான் அதன் கனம் புரியும். தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2024-25ம் ஆண்டில் கேரளத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு ரூ. 346. தலைநகரில் காலை பத்து மணிக்கு இண்டர்வியூ என்றால் முந்தின நாளே கிளம்ப வேண்டும். திரும்பி வர மறுநாள் ஆகிவிடும். மூன்று நாள் வேலைக்குப் போகாததால் மட்டும் ரூ. 1,038 போய்விடும். பஸ், ரயில், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் அதற்கு மேல். சட்டைக்கான பணம் இதையெல்லாம் தாண்டி மிஞ்சுவதிலிருந்துதான் வர வேண்டும்.

கேரள பி.எஸ்.சி.யைப் பொறுத்தவரை ஒரு பெரிய ஆறுதல், விண்ணப்பக் கட்டணம் கிடையாது. மத்திய தேர்வாணையமும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்களிடம் சிவில் சர்வீஸ் தேர்வுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அதாவது, வாசல்வரை வர காசு வேண்டாம். வாசலைத் தாண்டி உள்ளே போகத்தான் காசு வேண்டும்.

இதை நாடே அறிந்தது 2019ல். வயநாட்டைச் சேர்ந்த குறிச்சியர் சமூகத்துப் பெண் ஸ்ரீதன்யா சுரேஷ், 2018ம் ஆண்டு சிவில் சர்வீஸ் தேர்வில் 410வது இடம் பெற்றார். கேரளத்தின் பழங்குடிப் பெண்களில் அந்தத் தேர்வில் வென்ற முதல் ஆள் அவர்தான். பெற்றோர் கூலித் தொழிலாளிகள். எழுத்துத் தேர்வில் தேறியபோது தில்லிக்குப் போக அவர் கையில் பணம் இல்லை. நண்பர்கள் தங்களுக்குள் ரூ. 40,000 திரட்டிக் கொடுத்ததாக அவரே பிறகு பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அன்றைய கேரள வேலைத் திட்டக் கூலி ரூ. 271. அந்தக் கணக்கில் ரூ. 40,000 என்பது 147 நாள் உழைப்புக்கு மேல். திட்டமோ நாடு முழுவதும் வருஷத்துக்கு உறுதியளித்தது 100 நாள் வேலைதான்.

நேர்முகத் தேர்வுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு மத்திய தேர்வாணையம் இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணத்தைத் தருவதுண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது போய்ச் சேர்ந்த பிறகு கிடைக்கிற பணம். போவதற்கு முதலில் யாராவது கடன் கொடுத்தாக வேண்டும்.

காகிதம் முதலில், காலர் பிறகு

கைப்பணம் குறைவாக இருக்கும்போது பலரும் செய்கிற தவறு, முதல் செலவைத் துணிக்கடையில் செய்வது. வரிசை வேறு மாதிரி இருக்க வேண்டும். முதலில் காகிதங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், சாதிச் சான்றிதழ், அடையாள அட்டை இவற்றின் அசல்களும் இரண்டு செட் ஜெராக்ஸும் வேண்டும். எல்லாவற்றையும் மழை புகாத பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பது நல்லது. கசங்கிய சட்டைக்காக யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள். காணாமல் போன சான்றிதழுக்காக அனுப்புவார்கள். இரண்டாவதாக, போக வர கட்டணமும் ஒரு நாள் கூடுதல் சாப்பாட்டுச் செலவும். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் ஆனைகட்டி வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். அதற்கான பணம் தனியாக இருக்கட்டும். உடை மூன்றாவதுதான்.

உண்மையில் நல்ல சட்டை முதலில் தேவைப்படுவது இண்டர்வியூவுக்கு அல்ல, போட்டோவுக்கு. பி.எஸ்.சி.யின் ஒரு முறைப் பதிவுக்கு, பெயரும் எடுத்த தேதியும் அடியில் அச்சிட்ட புகைப்படம் வேண்டும். அந்தப் படம் பல விண்ணப்பங்களுக்குக் கூடவே வரும். ஆகவே அன்றைக்குப் போடுகிற சட்டையையே இண்டர்வியூவுக்கும் வைத்துக்கொண்டால் ஒரே செலவில் இரண்டு வேலை முடியும்.

எந்தச் சட்டை? வெள்ளை எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வியர்வையும் செம்மண் தூசியும் அதில்தான் முதலில் தெரியும். வெளிர் நீலம் பயணத்தைத் தாங்கும். ஆண்களுக்கு அதனோடு கறுப்பு அல்லது கருநீல பேண்ட் போதும். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தையல் பிரிந்திருக்கிறதா, பொத்தான் எல்லாம் இருக்கிறதா, கறை உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்க வேண்டும். விலையைவிட அளவு முக்கியம். தோள்பட்டைத் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். காலர் பொத்தானைப் போட்ட பிறகு ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். அண்ணனின் சட்டையை இரவல் வாங்கினாலும் பரவாயில்லை. தையற்காரர் பக்கவாட்டில் ஒரு தையல் போட்டுக் கொடுத்தால் அது தம்பிக்கே தைத்தது போலாகிவிடும். திருப்பிக் கொடுக்கும்போது பிரித்துக்கொள்ளலாம்.

பெண்களுக்குப் பருத்திச் சேலையோ சுடிதாரோ, எது தினமும் பழகியதோ அதுவே சரி. அன்றைக்கென்று முதன்முதலாகச் சேலை கட்டுகிறவரின் கவனம் கேள்வியில் இருக்காது, கொசுவத்தில்தான் இருக்கும். வீட்டிலேயே ஒரு முறை உடுத்திப் படியேறி, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டால் எங்கே பின் குத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இஸ்திரிக்கும் பெரிய செலவில்லை. பருத்தித் துணியை வடித்த கஞ்சியில் தண்ணீர் கலந்து முக்கி, நிழலில் உலர்த்தி, லேசாகத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் விறைப்பாக நிற்கும். இஸ்திரிப் பெட்டியே இல்லாத வீட்டில் பேண்ட்டை மடிப்புப் பிசகாமல் மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்தால் காலையில் கோடு விழுந்திருக்கும். நம் தாத்தாக்கள் காலத்து உத்தி. இன்னும் வேலை செய்கிறது.

ஷூதான் சிக்கல். சிறு வயதிலிருந்து செருப்பிலேயே நடந்த காலை புது ஷூ கடித்துவிடும். ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழகவில்லை என்றால் நொண்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அளவு பொருந்தாத இரவல் ஷூவைவிட, துடைத்துப் பாலிஷ் போட்ட சொந்தச் செருப்பு எவ்வளவோ மேல்.

காசில்லாத முதலீடு

ஒத்திகைக்கு ஒரு பைசா செலவில்லை. வீட்டில் இருளமோ தமிழோ பேசுகிறவர் அதிகாரிகள் முன்னால் மலையாளத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தெரிந்த விஷயமே மொழி மாறும்போது தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பழைய ஆசிரியர் ஒருவரையோ, வேலை கிடைத்துப் போன ஒருவரையோ எதிரே உட்கார வைத்து நான்கு மாலை பேசிப் பழகினால் போதும்.

பேசுவதற்கு விஷயமும் வாசலிலேயே கிடக்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்று ஆறுகளில் ஒன்று அட்டப்பாடி வழியே ஓடும் பவானி. கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணி அணை இருப்பது இந்த மலையில். 1984ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அமைதிப் பள்ளத்தாக்குக்கு வழி முக்காலியில்தான். நகரத்துப் பிள்ளை வழிகாட்டிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்வதை இங்கே வளர்ந்தவர் பார்த்தே சொல்லிவிடலாம்.

சட்டையால் மறைக்க முடியாதது

இவ்வளவும் செய்தாலும் சில கதவுகள் இஸ்திரிக்குத் திறப்பதில்லை. 2022 டிசம்பரில் அட்டப்பாடியே அதைப் பார்த்தது. காட்டைச் சார்ந்து வாழும் பழங்குடியினருக்கென்றே கேரள அரசு 500 வன பீட் அலுவலர் பணியிடங்களைச் சிறப்பு நியமனத்தில் அறிவித்திருந்தது. குறும்பர் சமூகத்து இளைஞர் ஒருவர் எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் தேறினார். ஆனால் மருத்துவச் சான்றிதழில் பல் முன்னால் துருத்தியிருப்பதாக ஒரு குறிப்பு. அது தகுதிக் குறைவு என்பது அப்போதைய விதி. நேர்முகத் தேர்வுக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை.

சிறு வயதில் விழுந்ததால் வந்த கோளாறு அது. சரி செய்ய ஆகும் என்று சொல்லப்பட்ட செலவு ரூ. 18,000. அன்றைய கூலி ரூ. 311 என்ற கணக்கில் கிட்டத்தட்ட 58 நாள் உழைப்பு. குடும்பத்தால் முடியவில்லை. செய்தி வெளியானதும் மாநில தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையம் தானாகவே வழக்குப் பதிவு செய்தது. 'பார்வைக்குத் தகுதியானவர்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு வறுமை ஒளிந்திருக்கிறது என்பதை அந்த ஒரு குறிப்பு வெளியே கொண்டுவந்துவிட்டது. சட்டையை இரவல் வாங்கலாம். பல்லை வாங்க முடியாது.

இதற்கு நேர் எதிரான காட்சியும் இதே மண்ணில்தான். 2018 பிப்ரவரி 22 அன்று, அரிசி திருடினார் என்று குற்றம்சாட்டி ஒரு கும்பல் மது என்ற பழங்குடி இளைஞரை அடித்துக் கொன்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மது இறந்த அந்தத் துக்க நாட்களிலேயே அவருடைய சகோதரிக்கு போலீஸ் வேலைக்கான பி.எஸ்.சி. நேர்முகத் தேர்வு. அவர் போனார். 2019 மே மாதம் திருச்சூரில் பயிற்சி முடித்து அணிவகுத்த 74 பழங்குடி இளைஞர்களில் அவரும் ஒருவர். அன்று அவர் என்ன உடுத்திப் போனார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பிறகு அவர் உடுத்திய காக்கியை எல்லோரும் பார்த்தார்கள்.

யார் சுமக்க வேண்டும்?

உலகின் வேறு இடங்களில் இதற்குச் சில வழிகள் கண்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் சட்டம் படித்துக்கொண்டிருந்த நான்சி லூப்ளின், முன்னோர் வழியில் தனக்குக் கிடைத்த 5,000 டாலரைக் கொண்டு 1990களில் 'டிரஸ் ஃபார் சக்சஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வேலை தேடும் ஏழைப் பெண்களுக்கு இண்டர்வியூ உடையைக் கொடுத்து அனுப்புவதுதான் அதன் பணி. பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. கல்லூரி ஒன்றின் மூலையில் ஓர் அலமாரி, அதில் நான்கைந்து அளவுகளில் சட்டை, பேண்ட், சேலை, ஷூ, ஒரு இஸ்திரிப் பெட்டி என்ற அளவில் இதை எந்த ஊரிலும் செய்யலாம். 2012ல் தொடங்கப்பட்ட அட்டப்பாடி அரசுக் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் முன்னாள் மாணவர்கள் மனம் வைத்தால் ஒரு வருஷத்தில் அலமாரி நிரம்பிவிடும்.

அரசு செய்யக்கூடியது இன்னும் அதிகம். மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கைவிடப்பட்டது. அதனால் பலரின் பயணச் செலவும் பதற்றமும் ஒரே உத்தரவில் குறைந்தன. நேர்முகத் தேர்வு தவிர்க்க முடியாத வேலைகளுக்கு, விண்ணப்பதாரர்களைத் தலைநகருக்கு இழுப்பதைவிடத் தேர்வுக் குழு மலையேறி வருவது மலிவு. பயணப்படியைப் பின்னால் திருப்பித் தருவதற்குப் பதில் அழைப்புக் கடிதத்தோடு தந்துவிட்டால் கடன் வாங்கும் வேலையும் இல்லை.

அதுவரை கணக்கு பழைய கணக்குதான். முதலில் காகிதம், அடுத்து கட்டணம், கடைசியில் சட்டை. மண்ணார்க்காட்டில் இறங்கி உடை மாற்றிக்கொண்ட பிறகு, அந்தப் பழைய சட்டையைப் பைக்குள் பத்திரமாக மடித்து வைக்கிறார் விண்ணப்பதாரர். திரும்பும்போது அதுதான் வேண்டும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நாளை மறுநாள் கூலிக்குப் போக அந்தச் சட்டைதான்.