போடிமெட்டு ஏறும்போது மூச்சு வாங்கும் பழைய காண்டஸா... குறைந்த செலவில் டர்போ மாட்டலாமா? சட்டம் முதல் செலவு வரை முழு விவரம்

தேனி, போடி, கம்பம் பக்கம் பழைய வீடுகளின் கார் ஷெட்டில் இன்னும் சில காண்டஸாக்கள் நிற்கின்றன. ஏலக்காய் நல்ல விலை போன காலத்தில் வாங்கியது, அப்பா ஓட்டியது, விற்க மனசு வராதது. இப்போது அந்த வீட்டுப் பையன்கள் யூடியூப் பார்த்துவிட்டு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுல ஒரு டர்போ போட்டா என்ன?"

போடலாமா, போட்டால் என்ன ஆகும், எங்கே காசு போகும், போலீஸும் ஆர்டிஓவும் என்ன சொல்வார்கள்? பார்க்கலாம்.

காண்டஸாவை ஏன் இந்தியாவின் மசில் கார் என்கிறார்கள்?

நீளமான பானட், அகலமான முகம், பின்சக்கர இழுவை. அமெரிக்க மசில் கார்களின் தோற்றம் அப்படியே இருக்கும். உண்மையில் அது பிரிட்டனின் வாக்ஸ்ஹால் காரின் 1970-களின் வடிவம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. 2002-ல் உற்பத்தி நின்றது.

தோற்றத்தில் இருந்த பலம் முதலில் எஞ்சினில் இல்லை. அம்பாசிடரில் இருந்த அதே 1,489 சிசி எஞ்சினை இந்தப் பெரிய உடம்புக்குள் வைத்தார்கள். சுமார் 50 குதிரைத்திறன்தான். பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. 'காண்டஸா கிளாசிக்' என்று பெயர் மாறியது. 88 குதிரைத்திறன், ஐந்து கியர். அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். டீசல் காண்டஸாவும் வந்தது, கடைசிக் காலத்தில் கம்பெனியே டர்போ டீசலும் விற்றது. ஆக, காண்டஸாவுக்கு டர்போ புதுசு இல்லை.

மலை ஏறினால் பவர் ஏன் குறைகிறது?

போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து மேலே போகப் போக கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 86 சதவீதம்தான்.

எஞ்சின் காற்றை உறிஞ்சித்தான் வேலை செய்கிறது. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். கணக்குப்படி, 88 குதிரைத்திறன் உள்ள கிளாசிக் மேலே போய்ச் சேரும்போது 75, 76-க்கு இறங்கிவிடும். நான்கு பேர், டிக்கியில் ரெண்டு மூட்டை, ஏசி வேறு. மூணாறு ரோட்டில் ஓட்டினவங்களுக்குத் தெரியும், இரண்டாவது கியரை விட்டு வெளியே வரவே மனசு வராது.

டர்போ செய்வது இங்கேதான். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையை ஒரு சின்ன விசிறிச் சக்கரத்தின் மேல் மோத விடுகிறார்கள். அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்கூட சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அந்தக் கூடுதல் அழுத்தத்துக்குத்தான் 'பூஸ்ட்' என்று பெயர்.

வெறும் 5 பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுத்தாலே போடிமெட்டு உச்சியில் அந்த 75 குதிரைத்திறன் 95-ஐ ஒட்டி வரலாம். புது காரில் கம்பெனி சொன்ன 88-ஐ விட அதிகம். அதனால்தான் குறைந்த செலவில் செய்பவர்கள் 5 பிஎஸ்ஐ-யைத் தாண்ட ஆசைப்படக் கூடாது என்கிறோம். இந்த வேலையின் நோக்கம் மலையில் இழந்ததைத் திரும்பப் பெறுவது. பைபாஸில் 180-ல் பறப்பது வேறு வேலை, அதற்கு வேறு எஞ்சின் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைக் கடைசியில் படிக்கலாம் என்று விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9-ம் தேதி கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, விதிமீறி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. எஞ்சினையே மாற்றுவதற்கும் ஆர்டிஓ அனுமதி வேண்டும்.

அதனால், டர்போ இல்லாமல் பதிவான பெட்ரோல் காண்டஸாவில் வீட்டு வாசலில் டர்போ மாட்டி, அப்படியே குமுளி செக்போஸ்ட் தாண்டிப் போவது சட்டப்படி சரியில்லை. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் காட்டியே ஆக வேண்டும். பானட்டைத் திறந்தால் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு வெளியே வந்தால், க்ளெய்மை நிராகரிக்க கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடும். மலை ரோட்டில் எதிரே வந்த ஜீப்பில் பத்து தோட்டத் தொழிலாளிகள் இருந்தால் அந்தத் தொகை எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வழி இல்லாமல் இல்லை. முதலில் தேனி ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கம்பெனியே டர்போ டீசலாக விற்ற காண்டஸா கிடைத்தால், அதை வாங்கிச் சரிசெய்வது சுத்தமான வழி. இல்லை, ரேஸ் ஆசைதான் என்றால் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை ட்ராக் என்று தமிழ்நாட்டிலேயே இடம் இருக்கிறது. காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும்.

கையில் 100 ரூபாய் இருந்தால் எப்படிப் பிரிப்பது?

கடைக்குக் கடை ரேட் மாறும், அதனால் பங்காகச் சொல்கிறோம். பலர் 100-ல் 60-ஐ டர்போவுக்கே கொடுத்துவிட்டு மீதியில் தடுமாறுகிறார்கள். எங்கள் கணக்கில் டர்போவுக்கு 20 போதும். இருபது, முப்பது வருஷ எஞ்சினைச் சரிசெய்ய 30. குளிர்விப்புக்கும் பிரேக்குக்கும் 25. பெட்ரோல், இக்னிஷன் வேலைக்கு 15. மீதி 10 அப்படியே கிடக்கட்டும், அது கண்டிப்பாகச் செலவாகும்.

முதல் வேலை கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டரிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் டர்போவை மறந்துவிட்டு எஞ்சின் வேலையைப் பாருங்கள். ரிங் தேய்ந்த எஞ்சினில் பூஸ்ட் கொடுத்தால் ஆயில் புகைதான் வரும். ஹெட் கேஸ்கெட் புதுசாகப் போடாமல் தொடங்கவே கூடாது.

எந்த டர்போ? பழையது வாங்கலாமா?

ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா டீசலில் வந்த 1.3 லிட்டர் எஞ்சினின் சின்ன டர்போ சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் தேடினால் கிடைக்கும். பட்ஜெட் ஆசாமிகளின் முதல் தேர்வு அதுதான். சின்னது என்பதால் சீக்கிரமே பூஸ்ட் தரும், கொண்டை ஊசி வளைவில் அது நல்ல குணம். ஆனால் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அதற்கு மூச்சு முட்டும். வேஸ்ட்கேட் சமாளிக்க முடியாமல் பூஸ்ட் கட்டுக்கு மீறி ஏறவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகை அதிகச் சூடு. 900 டிகிரியைத் தாண்டும். டீசலுக்குச் செய்த டர்போ அந்தச் சூட்டில் நீண்ட நாள் நிற்காது. குறைந்த பூஸ்ட், தொடர்ந்து மிதிக்காத ஓட்டம் என்றால் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான் உத்தரவாதம்.

வாங்கும்போது தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் வேண்டாம். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம், ஆனால் இறக்கை சுவரில் உரசிய தடம் இருக்கக் கூடாது.

கார்புரேட்டர்தான் உண்மையான தலைவலி

இந்த பெட்ரோல் காண்டஸாவில் இருப்பது கார்புரேட்டர். டர்போ அழுத்தும் காற்று கார்புரேட்டர் வழியாகப் போனால், மிதவைக் கிண்ணத்துக்கும் அதே அழுத்தம் போக வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் வராது. பெட்ரோல் பம்பும் பூஸ்ட்டைவிட மூன்று நான்கு பிஎஸ்ஐ அதிகமாகத் தள்ள வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் அதற்கு ஆகாது.

இதோடு இப்போது பங்க்கில் வரும் இ20 பெட்ரோல் சேர்ந்துகொள்கிறது. 20 சதவீதம் எத்தனால். அதன் ஆக்டேன் அளவு கூடுதல், அது டர்போவுக்கு நல்லதுதான். ஆனால் எத்தனாலுக்கு எரிய அதிக அளவு திரவம் வேண்டும். பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவை மெலிந்துவிடும். பூஸ்ட்டில் மெலிந்த கலவை என்றால் எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று தட்டும் சத்தம், அப்புறம் ஓட்டை விழுந்த பிஸ்டன். ஜெட் பெரிதாக்க வேண்டும், பழைய ரப்பர் ஹோஸ், வாஷர் எல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும். இக்னிஷன் டைமிங்கை ஒரு பிஎஸ்ஐ-க்கு ஒரு டிகிரி வீதம் பின்னுக்கு இழுப்பது மெக்கானிக்குகள் தொடங்கும் இடம்.

கலவை அளக்கும் மீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாமல் டர்போ மாட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மலை இறங்குவதுதான்.

டீசல் காண்டஸாவுக்கு இந்தத் தட்டும் பிரச்சினை இல்லை. நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கும் டீசல் டர்போ பழக்கம். போலிரோவின் 2,523 சிசி டர்போ எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவர்கள் கம்பத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் டீசல் திருகை அதிகம் திறந்தால் கரும்புகை தள்ளும், புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஏறினால் போதுமா, இறங்க வேண்டாமா?

வேகமாக ஏறும் காரை இறக்கும்போது நிறுத்துவது அதே பழைய பிரேக்தான். டிஸ்க், பேட், ட்ரம், ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாம் புதுசாக இருக்க வேண்டும். பலர் கவனிக்காதது பிரேக் பூஸ்டருக்குப் போகும் வெற்றிட ஹோஸ். டர்போ அழுத்தம் வரும் நேரத்தில் அங்கே வெற்றிடம் இருக்காது. ஹோஸில் உள்ள ஒருவழி வால்வு பழுதாகியிருந்தால், அழுத்தம் பூஸ்டருக்குள் போய் பிரேக் மிதி கல்லாகிவிடும். சின்ன பிளாஸ்டிக் சாமான்தான், புதுசு போட்டுவிடுங்கள்.

இரண்டாவது கியரில் மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது. இன்டர்கூலருக்கும் அதே கதி. ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, நல்ல மின்விசிறி மாட்டினால்தான் ஆகும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் செய்வது டீக்கடையில் நிறுத்திச் சாவியைத் திருப்புவது. டர்போ காரில் அது கூடாது. கொதிக்கும் டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்றால், உள்ளே இருக்கும் ஆயில் கருகிப் படியும். இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள்.

முதல் ஓட்டத்தை மலையில் வைக்காதீர்கள். அனுமதி கையில் இருந்தால், தேனியிலிருந்து போடி வரை சமதளத்தில் நாலைந்து முறை, பூஸ்ட் 3 பிஎஸ்ஐ-யில். மீட்டரைப் பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டே வரட்டும். ஒவ்வொரு முறையும் நிறுத்தி ஆயில் கசிவு, தண்ணீர் மட்டம், நட்டு போல்ட்டு பாருங்கள். அப்புறம் முந்தல் தாண்டி முதல் நாலு வளைவு வரை ஏறி, திரும்பி வந்து ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் என்றால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவை மெலிவு, அன்றைக்கு அதற்கு மேல் ஏற வேண்டாம்.