செம்பனைப் பூவை மட்டுமே நம்பும் வண்டு

செம்பனையில் ஆண் பூ மலர்ந்திருக்கும்போது கிட்டே போய்ப் பாருங்கள். அரிசி அளவுகூட இல்லாத கரும்பழுப்பு வண்டுகள் கூட்டங்கூட்டமாய் மொய்க்கும். "பூச்சி விழுந்திருச்சு, மருந்தடிக்கணும்" என்று பதற வேண்டாம். அது நம் ஜொகூரில் முதலில் விடப்பட்ட விருந்தாளி.

செம்பனையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒரே மரத்தில் இரண்டும் ஒரே சமயத்தில் மலர்வது அபூர்வம். முன்பு இங்கே மகரந்தம் சுமக்கச் சரியான பூச்சி இல்லாததால் காய்ப்பிடிப்பு குறைவு. ஆகவே ஆள் வைத்தார்கள். மகரந்தத் தூளை டால்கம் பவுடரில் கலந்து, மரம் மரமாய் நடந்து பெண் பூவில் ஊத வேண்டும். நம் பெண்கள் பலருக்கு அதுதான் பிழைப்பு.

கேமரூன் நாட்டில் யாரும் ஊதாமலே காய் நன்றாகப் பிடித்தது. யூனிலீவர் நிறுவனம் பூச்சியியல் அறிஞர் டாக்டர் ஆர். ஏ. சையத்தை அங்கே அனுப்பியது. வேலையைச் செய்வது இந்தக் கூன்வண்டுதான் என்று அவர் கண்டறிந்தார்.

சரி, கொண்டுவந்த வண்டு நம் மற்றப் பயிர்களைத் தின்றுவிட்டால்? அதுதான் பெரிய கேள்வி. பல செடிகளில் விட்டுச் சோதித்தார்கள். செம்பனையின் ஆண் பூவை விட்டால் அதற்கு இனம் பெருக்க வேறு இடம் இல்லை. புழு தின்பதும் மகரந்தம் உதிர்த்து முடித்த பூவைத்தான். பெண் பூ சோம்பு வாசம் வீசி வண்டை இழுக்கிறது. ஏமாந்து வரும் வண்டின் உடம்பிலிருந்து மகரந்தம் உதிர்கிறது. காண்டாமிருக வண்டு அப்படியல்ல. அது தென்னையையும் தாக்கும், செம்பனைக் குருத்தையும் துளைக்கும், மக்கிய மரத்தில் முட்டையிடும். அதை விட்டுவைக்கக் கூடாது.

1981 பிப்ரவரியில் குளுவாங் பாமோல் தோட்டத்தில் கூன்வண்டை விட்டார்கள். வெகு சீக்கிரத்தில் நாடெங்கும் பரவியது. காய்ப்பிடிப்பு கூடியது, குலை கனத்தது. கையால் ஊதும் வேலை ஒழிந்தது.

வண்டு எதைத் தின்னும் என்று அத்தனை சோதனை! ஊதும் வேலை போன பெண்கள் எதைத் தின்பார்கள் என்பதற்கும் ஒரு சோதனை வைத்திருக்கலாம். வெட்டும் ஆண்களுக்கும் இதில் பங்குண்டு. கனத்த குலையைச் சுமப்பது யார் தோள்? குலைக் கணக்கில் கூலி போடும் இடங்களில், பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் தராசில் ஏற்றிய எடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.