குலசையில் இடஞ்சுற்றி நடந்து பாருங்கள்

கோயிலானாலும் மலையானாலும் வலமாகச் சுற்றுவதுதான் நம் வழக்கம். குலசேகரன்பட்டினத்தில் புறப்பட்டு உடன்குடி, மணப்பாடு போய் மறுபடி குலசைக்கே வந்து சேரும் சுற்றை மட்டும் இடமாக நடக்கச் சொல்வேன். காரணம் பதநீர். விடியலில் இறக்கியது வெயில் ஏற ஏறச் சுவை மாறும். அதனால் முதலில் உடன்குடி. அடுத்துக் கடக்கும் தேரிச் செம்மணல் முற்பகலிலேயே காலைச் சுடத் தொடங்கிவிடும். கடற்காற்று வலுப்பதோ அதன் பிறகுதான். அதனால் கடற்கரை கடைசியில்.

இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் நாட்டுப்புற நடை பெரிய பழக்கம். வயலுக்குள் ஓடும் ஒற்றையடிப் பாதையைக்கூட வரைபடத்தில் குறித்து, அதில் நடக்கும் உரிமையைப் பதிவுசெய்ய 1949-இல் சட்டமே போட்டார்கள். நமக்கு அப்படியொரு வரைபடம் கிடையாது. ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டு வழி கேட்டால் போதும். பாதித் தூரம் கூடவே வருவார்கள்.

உடன்குடிப் பக்கம் பனைகள் நெருங்கும்போதே பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியின் புகை தெரியும். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறத்தில் பனையேறி சுண்ணாம்பு தடவியிருப்பார். பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாத சர்க்கரை உண்டு. காற்றிலும் மரத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதைச் சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் அந்த நுண்ணுயிர்கள் முடங்கிக் கிடக்கும். இன்னொரு வேலையையும் அது சத்தமில்லாமல் செய்கிறது. சாறு புளித்தால் அமிலம் அதிலுள்ள சர்க்கரை மூலக்கூறை இரண்டாக உடைத்துவிடும். உடைந்த சர்க்கரை எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாமல் பாகாகவே நிற்கும். சிரட்டையில் ஊற்றிய பாகு கல்லாக இறுகிக் கருப்பட்டியாவது அந்தச் சுண்ணாம்புப் பூச்சின் தயவு. உடன்குடி கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நூறு வருடம் முன்னால் குலசையில் பதநீரிலிருந்து சீனி எடுக்கும் ஆலையே இருந்தது. அதற்காகப் போட்ட சிறு ரயில் திசையன்விளை, உடன்குடி, குலசை, திருச்செந்தூர் என்று ஓடி 1940-இல் நின்றுபோனது.

உடன்குடியைத் தாண்டியதும் மண் சிவக்கிறது. இதுதான் தேரி. ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நீர்தான் சிவக்கும், மணல் மெல்ல வெளிறும். உள்ளே இருப்பது கடற்கரையில் கிடக்கும் அதே படிகக்கல் துகள்தான். சிவப்பு, அதன்மேல் மெல்லிய தோலாகப் படிந்த இரும்பு ஆக்சைடு. மணலோடு கலந்திருந்த இரும்புள்ள கனிமங்கள் மழையிலும் வெயிலிலும் பல்லாயிரம் வருடங்களாகச் சிதைந்து துருவாகி ஒவ்வொரு துகளிலும் பூசிக்கொண்டன. இவ்வளவு மணல் எப்படி வந்தது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது இது. சுமார் 20,000 வருடங்களுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. வெளியே தெரிந்த கடலடி மணலைக் காற்று வாரி உள்ளே குவித்தது. அந்தக் காற்று இன்னும் ஓயவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு வரும் ஆடிக்காற்று, தேரியின் முகட்டை இப்போதும் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த மேடுகளில் மனிதர்கள் வெகுகாலம் முன்பே உட்கார்ந்து கல் உடைத்திருக்கிறார்கள். மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்துத் தேரிகளில் கிடைத்த விரல்நக அளவுக் கற்கருவிகளை ஆராய்ந்து சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-இல் எழுதிய கட்டுரை, தொல்லியலாளர்களிடையே தேரியைப் பிரபலமாக்கியது.

தேரியின் உண்மையான செல்வம் கண்ணுக்குத் தெரியாது. மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்தப் பக்கத்தில் பெய்யும் கொஞ்ச மழை மணலில் ஓடுவதே இல்லை. விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். இறங்கிய நன்னீர், அடியில் கடலிலிருந்து ஊறி நிற்கும் உப்புநீரோடு உடனே கலந்துவிடுவதில்லை, அதன்மேல் மிதக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 25 கிராம் கனம். இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து கைபன் என்ற டச்சுக்காரரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் தனித்தனியே ஒரு கணக்குச் சொன்னார்கள்: நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். திருச்செந்தூர் நாழிக்கிணறு கடலுக்கு அத்தனை அருகில் இனிப்பதையும், தேரி நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை இருப்பதையும் இந்த மணலை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. கணக்கின் மறுபக்கத்தை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. ஆழ்துளைக் கிணறுகள் நன்னீர் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறும். உப்பான கிணறு மீள ஒரு நல்ல மழை போதாது.

மணப்பாட்டில் மணல் கல்லாகிவிடுகிறது. சிப்பித் துகளிலிருந்து கரைந்த சுண்ணாம்பு மணலை ஒட்டி இறுக்கியதால் உண்டான பாறைமேடு, கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கிய குகை அந்தப் பாறையில்தான்; உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில்.

மேட்டில் நின்று தெற்கே பாருங்கள். அண்டார்டிகா வரை பெருநிலம் எதுவும் குறுக்கே இல்லை. மணப்பாட்டுக்கு மேற்கே இஸ்ரோ இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் கட்டுவது இதனால்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள்; அன்றே ரோகிணி 200 என்ற சிறு ஆய்வு ராக்கெட்டும் இங்கிருந்து பறந்தது. துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளை நம் கரையிலிருந்து தென்திசையில்தான் ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை வந்துவிடும். எனவே முதலில் தென்கிழக்காகப் போய், இலங்கையைக் கடந்து, பிறகு வானிலேயே திரும்ப வேண்டும். திரும்புவதற்கு எரிபொருள் செலவு. அந்த அளவுக்குச் சுமை குறையும். பெரிய ராக்கெட் சமாளித்துவிடும். தாழ்வான சுற்றுப்பாதைக்கு 500 கிலோ மட்டுமே தூக்கும் எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அது பெருநஷ்டம். இங்கிருந்து நேராகவே போகலாம். முன்னால் வெறுங்கடல் வாய்த்ததைப் போலப் பின்னால் ஆள் அடர்ந்திராத நிலமும் வேண்டும். அதைத் தந்தது தேரிக்காட்டின் வறட்சிதான்.

இனிக் கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால் குலசை. தசராவுக்கு லட்சக்கணக்கானோர் வேடம் கட்டி வரும் முத்தாரம்மன் கோயில் கடற்கரை, மற்ற நாட்களில் ஆளற்றுக் கிடக்கும். மணலில் அலை ஏறி இறங்கும் எல்லையில் கறுப்புக் கோடுகளைக் காண்பீர்கள். எண்ணெய்க் கசிவு என்று நினைத்துவிட வேண்டாம். அவை இல்மனைட், இடையிடையே இளஞ்சிவப்பில் கார்னெட். படிகக்கல் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம், இல்மனைட் ஏறத்தாழ 4.7 மடங்கு. திரும்பும் அலை வெள்ளை மணலை இழுத்துப்போகும். கனத்ததை இழுக்க அதற்குத் தெம்பில்லை. உள்ளே தேரியைச் சிவக்க வைத்த இரும்பு இந்தக் குடும்பத்துக் கனிமங்களிலிருந்து வந்ததுதான். இங்கே இன்னும் துருப்பிடிக்கவில்லை, அவ்வளவே. டைட்டானியத்துக்காக இந்தக் கறுப்பு மணலுக்கு உலகச் சந்தையில் நல்ல விலை. இந்தக் கரையில் அதை அள்ளுவதற்குத் தமிழக அரசு 2013-இல் தடை போட்டது.