பெண்விடுதலையும் பெண்களின் ஒருமைப்பாடும்

பெண்ணியம் பெண்கள் அனைவரின் ஒருமைப்பாட்டையும் தன்னுள் கொண்டதா? பெண்கள் யாவரும் ஒடுக்கப்படுவதால் அவர்தம் நலனும் ஒன்றே எனச் சிலர் கருதுகின்றனர். தேவதாசி ஒழிப்பின் வரலாறு இக்கருத்தை எளிதில் ஏற்க விடுவதில்லை.

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா மார்க்கமாகச் செல்வோர் திருத்தணி மலையைக் காண்பர். அம்மலைக் கோயிலில் தேவதாசியர் பணிபுரிந்தனர். அவர்களுள் ஒருவரான பி. ரங்கநாயகி அம்மையார் நினைவில் காத்த பாடல்களும் சடங்குமுறைகளும், டச்சு ஆய்வாளர் சாஸ்கியா கெர்சன்பூம் 1987இல் வெளியிட்ட நூலின் வாயிலாக உலகறிந்தன.

சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை எதிர்த்து 1927இல் தீர்மானம் கொணர்ந்தார். 1929இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், கோயில் பணி நீங்கினாலும் மானிய நிலம் தேவதாசியரிடமே நிலைக்க வழிசெய்தது. (சீர்திருத்தம் பேசுவோர் பலர் மறந்துவிடும் வயிற்றுப்பாட்டை அவர் மறக்கவில்லை.) முழுமையான தடைச்சட்டம் 1947இல்தான் வந்தது.

அவரை எதிர்த்தோரில் ஆடவர் மட்டுமல்லர், தேவதாசியரும் இருந்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் முன்னின்று மனுக்கள் அனுப்பினர். தங்களை விலைமாதரோடு சேர்த்து எண்ணலாகாது என்றும், தங்கள் குலத்துக்குத் தேவை ஒழிப்பன்று, கல்வியே என்றும் அவர்கள் வாதிட்டனர். சொத்தில் மகளுக்கு உரிமையளித்த வழக்கம் அவர்களுடையது; அக்காலக் குடும்பப் பெண்டிர் பலர்க்கும் அவ்வுரிமை இல்லை. எனினும் அதே மரபில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பையே ஆதரித்தார். முத்துலட்சுமி அம்மையாரின் தாயாரும் அக்குலத்தவரே. ஆகவே, இதனை மேட்டுக்குடிப் பெண்டிருக்கும் தாசியருக்கும் இடையே எழுந்த பூசல் எனச் சுருக்குவதும் பொருந்தாது.

சிறுமியரைப் பொட்டுக்கட்டுதல் ஒழியவேண்டியதே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் ‘பெண்குலத்தின் மானம்’ என்னும் பெயரால் நடந்த வாதத்தில், அப்பெண்களின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது? அவர்கள் மீட்கப்பட வேண்டியவர்களாக எண்ணப்பட்டனர்; கலந்து பேசத்தக்கவர்களாக எண்ணப்படவில்லை. அம்மானத்தின் அளவுகோலும் இல்லறப் பெண்ணின் கற்பாகவே இருந்தது.

வேதாகமம் இவ்வேற்றுமையை மறைப்பதில்லை. சாராளும் ஆகாரும் பெண்களே. இருவரும் ஆபிரகாமின் வீட்டு முறைமைக்கு உட்பட்டவர்களே. ஆயினும் ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில் ஆகாரைக் கடினமாய் நடத்தியவள் சாராள்தான். பிள்ளையில்லாத் துயர் சாராளுக்கும் மெய்யானது. ஆனால் அத்துயர் அவளை அடிமைப் பெண்ணின் பக்கம் சேர்க்கவில்லை. வனாந்தரத்தில் கர்த்தருக்குப் பெயரிட்டு அழைத்தவள் அந்த எகிப்தியப் பெண்ணே.

நம் சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்கங்களை ஆயர்கள் இந்நோக்கில் சற்றே ஆராயலாம். கூட்டம் வாரநாளில் பகல் 11 மணிக்கு என்றால், நாற்று நடச் சென்றவள் எவ்வாறு வருவாள்? வந்தாலும், சேரியிலிருந்து வந்தவளுக்கு ஜெபிக்கும் முறை கிடைக்கிறதா, பாத்திரம் கழுவும் முறை மட்டுமா? கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது?